மட்கலமும் மரப்பீப்பாயும் ஓலைப்பிளாவும்: முசலிக் கரையில் திராட்சை மதுவின் வரலாறு

ஒரு பொருள் விளையாத நிலத்தில் அப்பொருளின் வரலாற்றைத் தேடுவது வீண் முயற்சியாகத் தோன்றலாம். மன்னார் மாவட்டத்தின் தென்பாகமாகிய முசலியில் மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, ஓக் மரமும் இல்லை. அருவியாறு கடலோடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எனத் தொடரும் இக்கரை, மணலும் பற்றைக்காடும் பனையும் மிகுந்த வறண்ட நிலமாகும். மலைச்சாரலிற் பழுத்த திராட்சையைப் பிழிந்து, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்காக முதிரவிட்டு எடுக்கப்படும் செந்நிற மதுவுக்கும் இந்நிலத்திற்கும் தொடர்பு யாது என்ற வினா எழுதல் இயல்பே.

அத்தொடர்பைக் கடல் ஏற்படுத்தியது. முத்துக்குப் பெயர் பெற்ற இக்கரைக்கு ஈராயிரம் ஆண்டுகளாகப் பிறநாட்டார் வந்துள்ளனர். வந்தவர்கள் தத்தம் நாட்டு மதுவையும் கொணர்ந்தனர். அம்மது எவ்வகைக் கலத்தில் வந்தது என்பதே அதைப் பற்றி இன்று எவ்வளவு அறிய முடிகின்றது என்பதைத் தீர்மானித்துள்ளது. கலத்தின் வரலாற்றை ஆராய்வதன் வாயிலாக, வரலாற்றுச் சான்று என்பதன் இயல்பையும் அதன் குறைபாட்டையும் உணர்தல் கூடும்.

மட்கலத்தின் காலம்

கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற் பெரிப்புளூஸ்' என்னும் வணிகக் கையேடு, மேற்குலகிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்கு அனுப்பத்தக்க பொருள்களைப் பட்டியலிடுகின்றது. பரிகாசா எனப்பட்ட புரோச் துறைமுகத்தில் மதுவுக்குச் சந்தை உண்டென்றும், இத்தாலிய மதுவே அங்குப் பெரிதும் விரும்பப்பட்டதென்றும் அதனால் அறியக் கிடக்கின்றது. சேரநாட்டு முசிறிக்குச் சென்ற மதுவின் அளவு சிறிதென்றே அந்நூலாசிரியர் குறிப்பிடுகின்றார்.

தமிழ் இலக்கியச் சான்றும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த மணமிக்க தேறல் குறிப்பிடப்படுகின்றது. அதனைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் அரசனுக்கு அளிக்கின்றனர். அப்பாட்டில் தேறலைக் கொணர்ந்த சாதனம் 'கலம்' என்ற சொல்லாற் சுட்டப்படுகின்றது. தமிழிற் கலம் என்பது கடலிற் செல்லும் மரக்கலத்தையும் குறிக்கும். பொருளைப் பெய்து வைக்கும் ஏனத்தையும் குறிக்கும். எனவே, யவனரது நல்ல கப்பல் என்று பொருள் கொள்வாரும், நல்ல குப்பி என்று பொருள் கொள்வாரும் உளர். இவ்விரு பொருளும் வரலாற்றுக்கு முரணானவை அல்ல. மரத்தாலான கப்பலில் மண்ணாலான சாடிகள் அடுக்கப்பட்டே அக்கால மது கடல் கடந்தது.

அச்சாடிகள் அம்போரா எனப்பட்டன. இரு காதுகளும் குறுகிய கழுத்தும் கூரிய அடியும் உடைய இவற்றைக் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கமாக நிறுத்தலாம். உரோமர் அளவையில் ஓர் அம்போரா என்பது ஏறத்தாழ 26 லீற்றர். சுடுமண்ணில் மது கசியாதிருக்க உட்புறத்தில் ஊசியிலை மரத்துப் பிசின் பூசப்பட்டது. எனவே, யவனர் தேறலின் மணத்திற் பிசினின் மணமும் கலந்தே இருந்திருக்கும். இன்று உயர்வாகப் பேசப்படும் ஓக் மரத்தின் மணம் அதில் இருந்திருக்க இடமில்லை.

1945ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது இச்சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. கிரேக்கத் தீவாகிய கோஸின் சாடி வகையைச் சேர்ந்த ஓடுகள் அவற்றுட் கணிசமானவை எனப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர். புலவர் வாக்கும் மண்ணிற் கிடைத்த ஓடும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திய அரிய நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

குதிரைமலையும் பிளினியும்

மன்னார்க் கரையைப் பொறுத்தவரை இதனோடு இணைத்து நோக்கத்தக்க செய்தி ஒன்றை உரோம அறிஞர் பிளினி தமது 'இயற்கை வரலாறு' என்னும் நூலிற் கூறியுள்ளார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியசு புளோக்காமசு என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரேபியக் கரையோரமாகச் சென்றபோது காற்றினால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாளில் இலங்கையின் ஹிப்புரோஸ் என்னும் துறையை அடைந்தான் என்பது அச்செய்தி. கிரேக்க மொழியில் ஹிப்போஸ் என்பது குதிரையைக் குறிக்கும். முசலியின் தெற்கெல்லையை அடுத்துக் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையே இந்த ஹிப்புரோஸ் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பிளினி இதனைக் குளோடியசு பேரரசனின் (கி.பி. 41 - 54) காலத்து நிகழ்வாகக் கூறுகின்றார். ஆனால் அன்னியசு புளோக்காமசின் அடிமை ஒருவனின் பெயர் பொறித்த கல்வெட்டு, கி.பி. 6ஆம் ஆண்டுக்குரியதாக எகிப்தின் கீழைப் பாலைவனத்திற் கிடைத்துள்ளது. இதனால் இந்நிகழ்வு பிளினி கூறுவதிலும் முற்பட்டதாகலாம் என்ற கருத்தும் உண்டு.

இலங்கையிலிருந்து உரோமுக்குச் சென்ற தூதுவரிடம் கேட்டறிந்த செய்திகளையும் பிளினி பதிவு செய்துள்ளார். நிலம் நன்கு உழுது பயிரிடப்படுகின்றது என்றும், பழங்கள் மிகுதி என்றும், திராட்சைக் கொடியின் பயன்பாடு மட்டும் அத்தீவில் இல்லை என்றும் அவர் எழுதுகின்றார். குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வு கொள்ளும் இயல்புடையது திராட்சைக்கொடி. பருவ வேறுபாடு குறைந்த வெப்ப நாட்டில் அவ்வோய்வைக் கிளைகளைக் கத்தரித்துச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்காலத்திற் பயிராகும் திராட்சை அம்முறையாலேயே காய்க்கின்றது. அந்நுட்பம் இல்லாத பழங்காலத்தில் இங்கே திராட்சை மது வேண்டுமெனின் அது கடல்வழியே வந்தாக வேண்டும்.

அதே பிளினி, அதே நூலின் மற்றோரிடத்தில், அல்ப்ஸ் மலைப்புறத்து மக்கள் மதுவை வளையமிட்ட மரக்கலங்களிற் சேமிப்பதாகக் கூறுகின்றார். மத்தியதரைக் கடற்கரையில் மட்சாடி. குளிர்ந்த மலைப் பள்ளத்தாக்கில் மரப்பீப்பாய். மட்சாடியே அக்காலத்திற் கீழைக்கடலுக்கு வந்தது. மரப்பீப்பாய் இக்கரையை அடைய மேலும் 1,500 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

மாதோட்டத்துச் சான்று

முசலிக்கு வடக்கே, அருவியாற்றின் மறுபுறத்தில், திருக்கேதீச்சரத்தைச் சூழ அமைந்திருந்த மாதோட்டம் பல நூற்றாண்டுகள் அநுராதபுர அரசின் தலையாய துறைமுகமாக விளங்கிற்று. அங்கு 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையிலும், பின்னர் 2009 - 2010 காலப்பகுதியிலும் அகழ்வுகள் நடைபெற்றன. பிந்திய அகழ்வின் தாவர எச்சங்களை ஆராய்ந்தோர், கி.பி. 650 - 800 காலத்துக்குரிய திராட்சை விதைகளைக் கண்டு 2018இல் வெளியிட்டனர். உலர்ந்த பழமாக வந்த திராட்சையின் விதையாகவும் அவை இருக்கலாம் ஆதலின், மதுவுக்கு நேர்ச்சான்றாக அவற்றைக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், திராட்சை இக்கரையில் வந்திறங்கியதற்கு இவை ஐயமற்ற சான்றாகும்.

இக்காலத்துக்குரிய வேறொரு வகைச் சாடியும் கவனத்துக்குரியது. காதுகளற்று நீண்டுருண்ட வடிவுடைய இச்சாடியின் உட்புறத்திற் பிசினுக்குப் பதிலாக நிலக்கீல் பூசப்பட்டிருக்கும். அநுராதபுரத்திற் கிடைத்த இவ்வகை ஓடுகளின் பூச்சினை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, அது ஈரான் நாட்டு நிலக்கீல் எனத் தெரியவந்தது. இந்தியாவில் உரோம அம்போரா என முன்னர்க் கருதப்பட்ட ஓடுகளுட் சில உண்மையில் மெசொப்பொத்தேமியச் சாடிகளே என்பதும் அண்மைக்கால ஆய்வின் முடிபாகும். ஆகவே, மேற்கிலிருந்து வந்த மதுவெல்லாம் உரோமரே கொணர்ந்தது எனும் பழைய எண்ணம் திருத்தம் பெறுகின்றது. உரோமப் பேரரசு தளர்ந்த பின்னரும் பாரசீக வளைகுடாவின் கலங்கள் இத்தொடர்பைப் பேணின. இத்திருத்தத்திற்கு வழிசெய்தது எழுத்தாவணம் ஒன்றும் அன்று. உடைந்து எறியப்பட்ட மண்ணோடே ஆகும்.

ஓக் மரமும் மலைப் பள்ளத்தாக்கும்

ஐரோப்பாவில் உரோமப் பேரரசின் பிற்காலத்தில் மரப்பீப்பாய் மெல்ல மெல்ல மட்சாடியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. பீப்பாய் எளிதில் உடையாது. ஒருவரே அதனை உருட்டிச் செல்லலாம். ஒரே பீப்பாயைப் பன்முறை பயன்படுத்தலாம். ஓக் மரம் இதற்குத் தெரிவு செய்யப்பட்டமைக்கு அதன் உள்ளமைப்பே காரணம். மரத்தின் நீர்க்குழாய்கள் அடைபட்டிருப்பதால் நீர்மம் எளிதிற் கசிவதில்லை. தீயிற் காட்டிப் பலகைகளை வளைக்கவும் இயலும்.

முதலில் ஏற்றிச் செல்லும் கலமாகவே இருந்த பீப்பாய் பின்னர் மதுவைப் பக்குவப்படுத்தும் கருவியாக மதிக்கப்பட்டது. செந்திராட்சையின் தோலோடு சேர்த்துப் புளிக்கவைக்கப்படும் மது, துவர்ப்பு மிகுந்தது. பீப்பாயின் பலகைகளூடாக மிகச் சிறிதளவாகப் புகும் காற்று அத்துவர்ப்பைத் தணித்து நிறத்தை நிலைப்படுத்துகின்றது. சூடு காட்டப்பட்ட ஓக் பலகையிலிருந்து வனிலா போன்ற மணமும் மதுவிற் சேர்கின்றது.

இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகப் போர்த்துக்கல் நாட்டின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கூறலாம். அத்திலாந்திக் மழையை மறைக்கும் மராவோ மலைத்தொடருக்குக் கிழக்கே, செங்குத்தான சரிவுகளைப் படிகளாக வெட்டி அங்குத் திராட்சை பயிரிடுகின்றனர். தோட்டந்தோறும் பிழிந்த மது பீப்பாய்களில் ஆற்றுவழியே படகேறி, கடலருகிலுள்ள விலா நோவா டி காயாவின் கிடங்குகளில் முதிர்ந்தது. 1756இல் பொம்பால் பிரபுவின் ஆட்சியில் இப்பள்ளத்தாக்கு சட்டத்தால் எல்லை வகுக்கப்பட்ட மதுநிலம் ஆயிற்று. அங்கு மதுவின் மரபளவு 'பீப்பா' எனப்படும். ஒரு பீப்பா ஏறத்தாழ 550 லீற்றர். தமிழிலுள்ள பீப்பாய் என்ற சொல் இப்போர்த்துக்கேயச் சொல்லே. இச்சொல் தமிழை அடைந்த வரலாறு மன்னாரோடும் தொடர்புடையது.

பீப்பாயின் வருகை

போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தான். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றும் வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, அக்கோட்டையும் அதனைச் சார்ந்த முத்துக்குளிப்பும் போர்த்துக்கேயரின் ஆதிக்கத்தில் இருந்தன. லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வந்த கப்பல்களில் மாலுமிகளுக்கும் போர்வீரருக்கும் மது நாளாந்தப் பங்காக வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு மாதப் பயணத்திற்கு வேண்டிய அம்மது பீப்பாய்களிலேயே வந்தது.

இவ்வளவு மது வந்திருந்தும் அதன் கலம் மண்ணில் எஞ்சவில்லை. பலகை உக்கியது, இரும்பு வளையம் துருவேறிற்று. எஞ்சியவை சொற்களே. பீப்பா என்பது பீப்பாய் ஆயிற்று. கொப்பு என்ற கிண்ணம் கோப்பை ஆயிற்று. தவேர்ணா என்ற மதுச்சாலை ஈழத்துத் தமிழில் தவறணை ஆயிற்று. கலத்தின் பெயரும், கிண்ணத்தின் பெயரும், கடையின் பெயரும் இவ்வாறு வேரூன்றின. ஆனால் அம்மதுவைக் குறித்த 'வீஞ்ஞு' என்னும் போர்த்துக்கேயச் சொல் தமிழ்ப் பொதுவழக்கில் நிலைபெறவில்லை. மலையாளத்தில் அச்சொல் அவ்வாறே வழங்குவதை இதனோடு ஒப்பிடலாம். சொல்வழக்கை மட்டும் கொண்டு சமூக வரலாற்றை முடிவு செய்தல் தவறாயினும், ஓர் ஊகத்திற்கு இடமுண்டு. கோட்டைக்குள் அருந்தப்பட்ட மது கரைமக்களின் பொதுப்பானம் ஆகவில்லை. வெறுமையான பீப்பாயே அவர்களின் கைக்கு வந்தது. தவறணையிலும் நாளடைவிற் கள்ளும் சாராயமுமே விற்கப்பட்டன.

முந்திரிகை என்ற சொல்லின் போக்கும் இவ்வகையிற் கருதத்தக்கது. ஈழத்து வழக்கில் முந்திரிகை என்பது திராட்சையையே குறித்தது. போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரத்திற்கு, அதனின்று வேறுபடுத்த, மரமுந்திரிகை என்று பெயரிட்டனர். முசலியின் கொண்டச்சியிற் பிற்காலத்தில் உருவான பெருந்தோட்டம் இம்மரமுந்திரிகைத் தோட்டமே. கொடிமுந்திரிகை வளராத மணலில் அதன் பெயரைத் தாங்கிய மரம் வளர்ந்தது.

பொதுப்பானம் ஆகாத திராட்சை மது ஓரிடத்தில் மட்டும் இன்றியமையாததாயிற்று. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை இரசமே வேண்டும் என்பது திருச்சபையின் மாறா விதி. கள்ளோ வேறு பானமோ அதற்கு ஈடாகாது. 1544இல் மன்னாரிற் புதிதாகக் கிறித்தவராயினோர் யாழ்ப்பாண மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்ட பின்னரும் அச்சமயம் இக்கரையில் நிலைத்தது. 1658இன் பின்னர் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தனர். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்து சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார், மறைவாகவே திருப்பலி நிகழ்த்தவேண்டியிருந்தது. அத்தகைய காலத்திற் பூசைக்கு வேண்டிய சில துளி இரசமும் கடல் கடந்தே வந்தாகவேண்டும். பீப்பாய்க் கணக்கில் வந்த மதுவைவிடக் குப்பிக் கணக்கில் வந்த இவ்விரசமே இக்கரைமக்களின் வாழ்வோடு ஆழமாகப் பிணைந்தது எனலாம்.

அரிப்பு மாளிகை

ஒல்லாந்தர் அரிப்பில் ஒரு சிறு கோட்டையை வைத்திருந்தனர். கண்டியரசனிடம் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் அருவியாற்றின் கரைவழியே தப்பி வந்து அடைக்கலம் புகுந்தது இக்கோட்டையிலேயே. ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கியதும், முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை நேரில் மேற்பார்வை செய்ய 1801 - 1804 காலப்பகுதியில் அரிப்புக் கடலோரத்தில் ஒரு மாளிகையை எழுப்பினார். கிரேக்கரின் டோரிக் முறையில் அமைந்த அதன் தூண்கள் செங்கல்லால் கட்டிச் சுண்ணச்சாந்து பூசப்பட்டவை. கிரேக்க வணிகரின் சாடிகள் வந்த கடலை நோக்கி, ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், கிரேக்கத் தூண்கள் நின்றன. ஊர்மக்கள் அதற்கு வைத்த பெயரோ அல்லிராணி கோட்டை.

அக்காலத்துக் கீழைநாட்டு ஆங்கில அலுவலரின் விருப்பமான மது மடேய்ரா ஆகும். மடேய்ராத் தீவின் மலைப்படிகளில் விளைந்த இம்மது, வெப்பக் கடல்களைக் கடந்து வரும்போது பீப்பாயிலேயே சுவை மிகுவது கண்டு, கப்பலேற்றிச் சுற்றிவரச் செய்து விற்கும் வழக்கமும் எழுந்தது. கெட்டுவிடும் என அஞ்சப்பட்ட கடற்பயணமே மதுவுக்கு மேன்மை தந்தது.

ஓலைப்பிளா

முத்துக்குளிப்புக் காலத்தில் இக்கரையிற் கூடியோர் பலதிறத்தினர். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், பாரசீக வளைகுடா அராபியர் ஆகியோர் கல்லைக் காலிற் பிணைத்து மூச்சடக்கி மூழ்கினர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டி ஓதிக்கொண்டிருந்தான். 1906இல் மறிச்சுக்கட்டியிற் கடமையாற்றிய லெனாட் வூல்ஃப் இக்காட்சியைப் பிற்காலத்தில் எழுதினார். அக்காலத்தில் எடுத்த சிப்பியெல்லாம் மூன்று கூறாக்கப்பட்டு, இரு கூறு அரசுக்கும் ஒரு கூறு குளிப்போருக்கும் பிரிக்கப்பட்டது. 1925இன் பின்னர் பெருங்குளிப்பு மறைந்தது.

இக்கரையின் சொந்தப் பானம் பனங்கள்ளே. பாளையைச் சீவி, முட்டி கட்டி, சுண்ணாம்பிட்டு இறக்கினாற் கருப்பநீர். சுண்ணாம்பின்றி இறக்கினாற் கள். காலையில் இறக்கிய கள் மறுநாளே புளித்துப்போம். அதனைக் கப்பலேற்ற இயலாது. ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கவும் இயலாது. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவிற் குடித்து, குடித்த இடத்திலேயே பிளாவை எறிந்துவிடுவர். அடுத்த மழைக்கு ஓலையும் உக்கிவிடும். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் சாராயக் குத்தகையில் வரி பெற்றமையால், வரி செலுத்திய அளவுக்கே உள்ளூர்க் குடிப்பொருள் ஆவணத்தில் இடம்பெற்றது.

மட்சாடி ஓடாக எஞ்சியது. மரப்பீப்பாய் சொல்லாகவும் கணக்கேட்டு வரியாகவும் எஞ்சியது. ஓலைப்பிளா யாதொன்றாகவும் எஞ்சவில்லை. இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்கும்போது, முசலியின் வரலாறு ஏன் பெரிதும் வந்துபோனோரின் வரலாறாக எழுதப்பட்டுள்ளது என்பது விளங்கும். அழியாத கலத்தில் அருந்தியோரே வரலாற்றில் நிலைத்தனர். முத்தெடுத்தவனின் பிளா உக்கிற்று. முத்தை வாங்கியவனின் சாடி நூதனசாலையில் உள்ளது.

இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. 1990 ஒக்டோபரில் முசலியின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தொடர்ந்த போர் பிற மக்களையும் இடம்பெயரச் செய்தது. 2009இன் பின்னர் மீண்டோர் பலர் தம் வீடிருந்த இடத்திற் காட்டையே கண்டனர். உறுதிப்பத்திரங்களும் வீட்டுப் பண்டங்களும் அழிந்த ஓர் ஊரின் மக்கள், தாம் அங்கு வாழ்ந்ததையே மெய்ப்பிக்க வேண்டியவராயினர். அல்லிராணி கோட்டையின் இடிந்த சுவரை ஆண்டுதோறும் அலை அரிக்கின்றது. அதற்கேனும் வரைபடமும் ஒளிப்படமும் உண்டு. அதைச் சூழ வாழ்ந்தோரின் நினைவுக்கு அவையும் இல்லை.

ஆதலின் இக்கரையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் அகழ்வுக்குழியோடும் ஆவணக்காப்பகத்தோடும் நின்றுவிடுதல் போதாது. தவறணை, பீப்பாய், மரமுந்திரிகை என்னும் சொற்களும், கடற்கட்டியின் மந்திரமும், முதியோரின் வாய்மொழியும் சான்றாகவே தொகுக்கப்படல் வேண்டும். ஓக் பீப்பாயில் மது முதிர்வதற்குக் காலம் துணைசெய்கின்றது. பிளாவிற் குடித்தோரின் நினைவுக்கு அக்காலமே பகையாகும். அந்நினைவைக் கேட்டெழுதும் பணி இத்தலைமுறையில் நிகழாவிடின், அடுத்த தலைமுறைக்குக் கேட்பதற்கு எவரும் இருக்கமாட்டார்.